வளையைப் பாராமல் மருந்தா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் வில்லாப்பா விரிகுடா இருக்கிறது. கடல் நீர் வற்றும்போது வெளிப்படும் சேற்றுத்தரையே அங்குள்ள சிப்பி வளர்ப்போரின் வயல். அந்த வயலில் வளை தோண்டும் இறால்களே அவர்களுக்குத் தீராத தொல்லை. இறால் தோண்டத் தோண்டத் தரை இளகுகிறது. மேலே பரப்பிய சிப்பிகள் புதைந்து சாகின்றன.

இந்த இறால்களில் இரு வகை உண்டு. சேற்றுப்பாங்கான தரையில் வாழ்வது, கோழையால் சுவரைப் பூசி உறுதியான வளை அமைக்கிறது. நீரை உள்ளே இழுத்து, அதில் வரும் இரையை வடிகட்டித் தின்பதால் அதற்கு ஓயாமல் தோண்டும் தேவையில்லை. மணற்பாங்கான தரையில் வாழ்வதோ மண்ணிலேயே இரை தேடுகிறது. பூச்சில்லாத அதன் வளை சரியும். மீண்டும் தோண்டி மண்ணை மேலே தள்ளும். நீர் சூடேறும் கோடையில் இந்த வேலை மும்முரம், குளிரில் மந்தம். இறாலின் இனத்தோடு மண்ணும் நீரும் சேர்ந்தே வளையைத் தீர்மானிக்கின்றன.

ஆனால் 1963 முதல் அங்கு நம்பப்பட்டது மருந்து ஒன்றுதான். நம் விவசாயிகள் 'செவின்' என்று அறிந்த அதே கார்பரில்! இறால் செத்தது உண்மை. நண்டும் மீனும் கூடவே செத்தன. கடலிலிருந்து இறால் குஞ்சுகள் வந்து மீண்டும் குடியேறின. எதிர்ப்பு வலுத்து, 2013-க்குப் பின் கார்பரில் நின்றது. மாற்றாகக் கேட்ட இமிடாகுளோபிரிட்டுக்கு 2018-ல் மாநில அரசு அனுமதி மறுத்தது. நம் நாட்டிலும் கார்பரிலுக்கு 2018-ல் தடை வந்தது.

சிப்பி விவசாயியின் நஷ்டம் பொய்யல்ல. சிப்பிகளைப் பைகளில் இட்டுத் தரைக்கு மேலே வளர்ப்பதற்குச் செலவும் ஆளும் அதிகம். ஐம்பது ஆண்டுகள் ஒரே மருந்தை ஊன்றுகோலாக்கி, அது பறிபோன நாளில் அவரைத் தவிக்கவிட்டதே பெரும் தவறு.

வரப்பில் நண்டு வளை கண்டதும் மருந்து டப்பாவைத் தேடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஈரம் கீழே இறங்கினால் நண்டும் ஆழத் தோண்டும். நடவுக்கு முன் வரப்பைக் கழித்து, அண்டை வெட்டி, சேறு பூசி இறுக்குவது நம் முன்னோர் கண்ட வைத்தியம். மருந்தைத் தேடுமுன் மண்ணைப் பார்ப்பதே சிக்கனம், அதுவே நிலைக்கும்.