கபடி சோறு போடுமா?

'பைசன்' படம் பார்த்துவிட்டு, "நிஜமாவே அப்படி ஒருத்தர் இருக்காரா தாத்தா?" என்று கேட்டான் பேரன்.

இருக்கிறார். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995க்கான அர்ஜுனா விருது பெற்றவர். முப்பது வருடம் கழித்து சினிமா வந்துதான் நம்மில் பலருக்குப் பெயரே தெரிகிறது. அது போகட்டும்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவர். சன் பேப்பர் மில் அணிக்கு ஆடினார். பிறகு மின்வாரியத்துக்கு ஆடினார், அங்கே வேலையும் கிடைத்தது. வீட்டுக்குச் சம்பளம் வந்தது.

நம் ஆரணியில் எத்தனை தறிக்காரர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: "கபடி சோறு போடுமா சார்? அந்த நேரத்துல நாலு தார் சுத்தலாமே." நியாயமான கேள்விதான். மெடலைக் காட்டி அதற்குப் பதில் சொல்ல முடியாது. வேலையைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கேட்பதையும் கொஞ்சம் நிறுத்துங்கள்.