மொபைலில் 1% சார்ஜ், மனசு முழுக்க எக்ஸ்: மெக்சிகன்-அமெரிக்கப் பாட்டுகள் ஹிட் ஆவது ஏன்?

உங்கள் மொபைலில் ஒரே ஒரு சதவீதம் சார்ஜ்தான் மிச்சம். யாருக்கு போன் போடுவீர்கள்?

குருப்போ ஃப்ரான்டெராவும் பேட் பன்னியும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட பாட்டில், ஹீரோ தன் எக்ஸுக்குப் போடுகிறான். பாட்டின் பெயரே 'ஒரு சதவீதம்'தான். முழுக்க ஸ்பானிஷ் மொழியில் இருந்தும், அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 5-ம் இடம் வரை போனது.

யார் இவர்கள்?

குருப்போ ஃப்ரான்டெரா, மெக்சிகோ எல்லையை ஒட்டிய டெக்சஸ் பகுதியைச் சேர்ந்த இசைக்குழு. இவான் கோர்னேஹோ கலிஃபோர்னியாவின் ரிவர்சைடைச் சேர்ந்தவர். 2021-ல் முதல் ஹிட் கொடுத்தபோது அவருக்கு வயது 17. யாரிட்சா மார்டினெஸ், ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த வாஷிங்டன் மாகாணத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். 2022-ல் அவர் பாட்டு ஹாட் 100-ல் 20-ம் இடத்தில் நுழைந்தபோது வயது 15. அமெரிக்காவில் வளர்ந்த இந்தப் பிள்ளைகள், காதல் வலியைப் பாட மட்டும் ஸ்பானிஷுக்குத்தான் போகிறார்கள்.

சரி, இதில் என்ன புதுசு?

காதல் தோல்வி புதுசு இல்லை. 1973-ல் இறந்த ஹோசே அல்ஃப்ரெடோ ஹிமெனெஸ் எழுதிய பாட்டுகளிலேயே பிரிந்தவளை நினைத்து மதுக்கடையில் புலம்பும் ஆண் உண்டு. பெண்ணின் கோபத்தைச் சத்தமாகப் பாடியவர் லாங் பீச்சில் பிறந்த ஜென்னி ரிவேரா. 2012-ல் விமான விபத்தில் இறந்தார்.

மாறியிருப்பது இடமும் சத்தமும். கோர்னேஹோ, யாரிட்சா பாடும் 'சோக சியரெனோ' பாணியில் டிரம்பெட் கூட்டம் இல்லை. 12 தந்தி கிடாரும் பேஸும் போதும். மதுக்கடைக்குப் பதில் படுக்கையறை. அழுவது நடுவயது ஆண் இல்லை, டீன்ஏஜ் பையன்.

சார்ட்டை நம்பலாமா?

கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். ஹாட் 100, வானொலி, விற்பனை, ஸ்ட்ரீமிங் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. யூடியூப் வியூஸ் அதில் சேர்ந்ததே 2013-ல்தான். ஆங்கில வானொலி கண்டுகொள்ளாத பாட்டும் இப்போது எண்ணப்படுகிறது. அதனால் ரசனை மட்டும் மாறவில்லை, அளவுகோலும் மாறியிருக்கிறது. முன்பும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது எண்ணிக்கைக்குள் வந்திருக்கிறார்கள்.

பொறாமை எங்கே வருகிறது?

யாரிட்சாவின் அந்த ஹிட் பாட்டின் தலைப்புக்கு 'நான் ஒருவனே' என்று பொருள். ஒரு பெண் அதை ஆண்பாலிலேயே பாடுகிறார். 'என்னைப் போல உன்னை வேறு யார் காதலிப்பார்கள்?' என்ற எண்ணம் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. கேட்க உருக்கமாக இருக்கும். ஆனால் அதே எண்ணத்தைக் கொஞ்சம் இறுக்கினால், 'நீ எனக்கு மட்டும்தான்' என்ற உரிமைக் குரலாகிவிடும்.

இந்தப் பாட்டுகளின் நல்ல பக்கமும் சிக்கலும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஆண் பிள்ளை அழலாம் என்று அவை சொல்கின்றன. 'வீராப்பு' பேசும் ஒரு கலாசாரத்தில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால், அழுகிறவன் பக்கம்தான் எப்போதும் நியாயம் என்று ஆகிவிடாது.

அடுத்த முறை இந்த பிளேலிஸ்ட்டைப் போடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த 1% சார்ஜில் வரும் அழைப்பை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் இன்னொருவர். பாட்டில் அவர் குரல் பெரும்பாலும் கேட்பதில்லை.