ஜூம் லென்ஸுக்கு நகையை அடகு வைக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிந்து உட்கார்ந்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

நான் பறவைப் படங்கள் போடத் தொடங்கியதிலிருந்து அதிகம் வரும் கேள்வி, "டீச்சர், என்ன லென்ஸ் வச்சிருக்கீங்க? நான் எது வாங்கலாம்?" என்பதுதான். போன வாரம், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு தம்பி போன் செய்தார். பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். மகள் ஆறாம் வகுப்பு. அவளுக்குப் பறவைகள் என்றால் உயிர். அவளுக்காகப் பழைய கேமரா ஒன்று வாங்கிவிட்டார். அடுத்து 150-600 லென்ஸ் வேண்டுமாம். மனைவியின் சங்கிலியை அடகு வைக்கப் போகிறாராம். "எந்தக் கம்பெனி நல்லது டீச்சர்?" என்றார். "கம்பெனியை அப்புறம் பார்ப்போம் தம்பி, முதல்ல சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்" என்றேன். இதே யோசனையில் இன்னும் சிலர் இருப்பது தெரியும். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் டெலிபோட்டோ லென்ஸாக, கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியுள்ள 55-250 அல்லது 70-300 வகை போதும். பழையதாக வாங்கினாலும் தவறில்லை. அதற்கு மேல் கடன் வாங்கிச் செலவு செய்வது, சைக்கிள் பழகுவதற்கு முன் புல்லட் வாங்குவதைப் போன்றது.

ஏன் என்று கரும்பலகைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். வெண்தொண்டை மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. இருக்கும். அது 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. உங்களிடம் 300 மி.மீ. லென்ஸ். பறவையின் அளவை மி.மீ. லென்ஸால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவு கிடைக்கும். 280 × 300 ÷ 20,000 = 4.2 மி.மீ. நம்மில் பலரிடம் இருக்கும் கேமராக்களில் சென்சாரின் உயரம் சுமார் 15 மி.மீ. அதாவது பறவை படத்தின் உயரத்தில் கால் பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். இதையே 600 மி.மீ. லென்ஸில் எடுத்தால் 8.4 மி.மீ., பாதிக்கு மேல்.

இப்போது லென்ஸை மாற்றாமல் தூரத்தை மாற்றுங்கள். அதே 300 லென்ஸ், 10 மீட்டர் தூரம். 280 × 300 ÷ 10,000. விடை அதே 8.4 மி.மீ. லட்ச ரூபாயை ஒட்டி நிற்கும் ஒரு லென்ஸ் செய்யும் வேலையை அந்தப் பத்து மீட்டர் செய்துவிடுகிறது.

"பக்கத்துல போனா பறந்துடுமே டீச்சர்" என்பீர்கள். துரத்திக்கொண்டு போனால் பறக்கத்தான் செய்யும். பறவை வழக்கமாக வந்து உட்காரும் கிளையை நான்கு நாள் கவனியுங்கள். அது வருவதற்கு முன்பே போய், மரத்தடியிலோ வரப்பிலோ அசையாமல் உட்காருங்கள். மங்கலான நிறச் சட்டை போடுங்கள். அரை மணி நேரத்தில் உங்களை ஒரு மூட்டையாக நினைத்துக்கொண்டு அதுவே பக்கத்தில் வந்து உட்காரும். காருக்குள் இருந்தபடி எடுத்தால் பல பறவைகள் பயப்படுவதும் இல்லை. ஆனால் ஒன்று: கூடு இருக்கும் இடத்தில் இந்த நெருங்கும் வேலையே கூடாது. தாய்ப் பறவை எழுந்து போனால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காக்கை தூக்கிக்கொண்டு போகும். உங்கள் லென்ஸுக்கு எட்டாத கூடு, எட்டாததாகவே இருக்கட்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. எங்கள் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அங்கே தெருவில் நின்றபடியே, யாரையும் தொந்தரவு செய்யாமல், 250 மி.மீ. லென்ஸில் படம் எடுக்கலாம். வேடந்தாங்கலில் கரையில் நின்று, தண்ணீருக்குள் இருக்கும் மரங்களைப் பார்க்க வேண்டும். அங்கே சின்ன லென்ஸில் தனிப் பறவையின் கண் தெரியாது. ஆனால் மரம் நிறைய நாரைகள் உட்கார்ந்திருக்கும் காட்சி அழகாக வரும். கையில் இருக்கும் லென்ஸுக்கு ஏற்ற படத்தைத் தேடுங்கள்.

என் அண்ணன் மகன் இதைக் கேட்டுவிட்டு, "அத்தை, கிட்டப் போகவே முடியாட்டி என்ன செய்வீங்க?" என்றான். வெட்டிக்கொள்ளலாம். இன்றைய சாதாரண 24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000 × 4000 புள்ளிகள். அதை இரு பக்கமும் பாதியாக வெட்டினால் 3000 × 2000 மிஞ்சும். செல்போனில் பார்ப்பதற்கு அது தாராளம். ஏ4 தாளில் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டவும் போதும். 300 லென்ஸில் எடுத்த படத்தைப் பாதியாக வெட்டினால், 600-இல் எடுத்த அளவுக்குப் பறவை பெரிதாகத் தெரியும். 600 லென்ஸின் தெளிவு அதில் முழுதாக வராது. வெளிச்சம் குறைந்த நேரத்தில் எடுத்திருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனால் நம் குழுவில் போட்டு நாலு பேர் "அருமை டீச்சர்" என்று சொல்ல அது போதும்.

இன்னொன்று. நம் ஊர் வெயிலில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும்பும். தூரத்துப் பறவையை எவ்வளவு பெரிய லென்ஸில் எடுத்தாலும் தண்ணீருக்குள் இருப்பது போலக் கலங்கித்தான் வரும். நடுவில் இருக்கும் சூடான காற்றை எந்த லென்ஸும் அகற்றாது. விடியற்காலையில் எழுந்து போகிறவருக்குச் சின்ன லென்ஸே நல்ல படம் தரும்.

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் நடுக்கம் தடுக்கும் வசதி. கேனானில் ஐஎஸ், நிக்கானில் விஆர், சோனியில் ஓஎஸ்எஸ், டாம்ரானில் விசி என்று லென்ஸின் பெயரிலேயே இருக்கும். இந்த எழுத்துகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். கேனான் 75-300 மலிவாகக் கிடைக்கிறது என்று பலர் வாங்குகிறார்கள். அதில் ஐஎஸ் கிடையாது. 250-இல் நின்றாலும் ஐஎஸ் உள்ள 55-250 எஸ்டிஎம் அதைவிட எவ்வளவோ மேல், எடையும் 375 கிராம்தான். நிக்கானில் ஏஎஃப்-பி 70-300 இரண்டு விதமாக வந்தது. ஒன்றில் விஆர் உண்டு, இன்னொன்றில் இல்லை. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்க, இந்த வசதி இல்லாவிட்டால், ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது வேண்டும். வசதி இருந்தால், அசையாமல் இருக்கும் பறவையை 1/125 நொடியிலும் எடுத்துவிடலாம். ஆனால் அது தடுப்பது நம் கை நடுக்கத்தை மட்டுமே. பறக்கும் பறவைக்கு 1/1000 நொடிக்கு மேல் வைத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, உங்கள் கேமராவுக்குப் பொருந்துமா என்பது. மாட்டினால் மாட்டிக்கொள்ளும், ஆனால் வேலை செய்யாது. நிக்கான் டி3500, டி5600 போன்ற பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய 70-300 வாங்கினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருந்தால் மோட்டார் உண்டு. அதே ஏஎஃப்-பி லென்ஸ், டி90 போன்ற பழைய பாடியில் ஃபோகஸ் ஆகாது. ஆகவே உங்கள் கேமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதே அளவு லென்ஸ்கள் இருக்கின்றன. நிக்கானில் இசட் 50-250 விஆர், சோனியில் 55-210 ஓஎஸ்எஸ், கேனானில் ஆர்எஃப்-எஸ் 55-210 ஐஎஸ். கேனான் ஆர் வகை பாடி வைத்திருப்பவர்கள் அடாப்டர் போட்டுப் பழைய 55-250-ஐயும் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, பழைய லென்ஸ் வாங்கினால் செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். ஜூமைத் திருப்பும்போது நறநறவென்று சத்தம் வரக் கூடாது. கடைக்கு வெளியே வந்து, எதிரே இருக்கும் பெயர்ப்பலகையைக் கடைசி ஜூமில் நான்கு படம் எடுத்து, நான்கிலும் எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பீரோவில் துணிகளுக்கு நடுவே வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மழைக்காலத்தில் பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.

வாங்கக் கூடாதவை இரண்டு. ஆன்லைனில் 420-800 என்று பெரிய எண் போட்டு சில ஆயிரத்துக்கு ஒரு லென்ஸ் வரும். அதன் மேல் 8.3-16 என்று எழுதியிருக்கும். எஃப் 16 என்றால், எஃப் 5.6 லென்ஸில் வரும் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான். ஃபோகஸும் கையால்தான். இன்னொன்று, லென்ஸின் முன்னால் திருகிக்கொள்ளும் '2எக்ஸ்' கண்ணாடி. அது பறவையைப் பெரிதாக்கும், தெளிவைக் கெடுத்துவிடும்.

உறவினர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பேத்தியின் நடன அரங்கேற்றத்துக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் ஜூம் லென்ஸ் கேட்கிறீர்கள். அரங்கத்துக்குள் வெளிச்சம் குறைவு, பிள்ளையோ ஆடிக்கொண்டிருப்பாள். 55-250-இல் எடுத்தால் கையும் காலும் கலங்கும். அதற்கு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போங்கள். எஃப் 5.6-ஐவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். விலையும் குறைவு.

பெரிய லென்ஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வானத்தில் வட்டமிடும் கழுகுக்கும், ஏரி நடுவே நிற்கும் வரித்தலை வாத்துக்கும் 300 போதாது. உண்மைதான். படம் எடுத்துச் சம்பாதிக்கிறவர், ஆய்வுக்காக எடுக்கிறவர் வாங்கட்டும். ஆனால் டாம்ரான், சிக்மா 150-600 லென்ஸ்கள் சுமார் 2 கிலோ. ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளத்தங்கரையில் எவ்வளவு நேரம் நிற்பாள்? நான்கு நாளில் அது அலமாரிக்குப் போய்விடும், வட்டி மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். அதைவிட வருத்தம், நம் வீட்டு நகை போனது இந்தப் படத்துக்காகத்தான் என்ற பாரம் அந்தப் பிள்ளையின் மனதில் ஏறிவிடும். பிறகு அவள் பறவையைப் பார்க்க மாட்டாள், படம் நன்றாக வந்ததா என்றே பார்ப்பாள்.

எப்போது பெரியது வாங்கலாம் என்பதற்கும் ஒரு வழி சொல்கிறேன். சின்ன லென்ஸில் ஆறு மாதம் எடுங்கள். பிறகு எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.-இல் எடுத்தது என்று பாருங்கள். கேமராவே அதைப் பதிவு செய்து வைத்திருக்கும். பெரும்பாலான படங்கள் கடைசி ஜூமில் எடுத்து, அதற்கு மேலும் வெட்டியவையாக இருந்து, நீங்களும் வாராவாரம் போய்க்கொண்டிருந்தால், பெரிய லென்ஸுக்குச் சேமிக்கத் தொடங்குங்கள். கடன் வேண்டாம், சேமிப்பு. ஆறு மாதத்தில் மொத்தம் மூன்று முறைதான் வெளியே போயிருக்கிறீர்கள் என்றால், குறை லென்ஸில் இல்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

யாரிடம் என்ன கேமரா இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். எந்த லென்ஸ் பொருந்தும் என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். வீட்டில் சும்மா கிடக்கும் 55-250 வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள். கேட்கும் பிள்ளைகளுக்கு நியாயமான விலைக்குக் கொடுத்தால் அது அலமாரியில் பூஞ்சை பிடிக்காமல் பிழைக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்