ஆள் கிடைக்கவில்லையா, ஆள் நிற்கவில்லையா?

மழை ஓய்ந்து தசரா முடிந்துவிட்டால் மும்பையில் சாரம் கட்டுகிறவர்களுக்கு ஓய்வு இருக்காது. அக்டோபரில் தொடங்கி மே மாதக் கடைசி வரை இந்த நகரத்தின் வெளிச்சுவர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் காலம். ஜூனில் மழை இறங்குவதற்குள் சாரம் இறங்கிவிட வேண்டும். இந்த எட்டு மாதச் சம்பாத்தியத்தை வைத்துத்தான் பெயிண்ட் காண்டிராக்டர் வருஷத்தை ஓட்டியாக வேண்டும். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் இந்தத் தொழிலில் இருக்கும் தமிழர்கள் பலர். பிரஷ் பிடித்து, மேஸ்திரியாகி, பிறகு சொந்தமாக வேலை எடுக்கத் துணிந்தவர்கள் அவர்கள்.

அவர்களில் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். வேலை இருக்கிறது, நம்பிக் கொடுக்க ஆள் இல்லை என்பார்கள். சப் காண்டிராக்டர் எட்டுப் பேரை அனுப்புவதாகச் சொல்லி மூன்று பேரை அனுப்பினார். முன்பணம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் இன்னும் வரவில்லை. நாலாவது மாடியோடு வேலையை நிறுத்திவிட்டு அந்தேரியில் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். இப்படி ஆளுக்கு ஒரு கதை உண்டு. கதைகள் பொய்யல்ல. ஆனால் கதையின் மறுபக்கத்தைச் சப் காண்டிராக்டரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால், மும்பையில் ஆளுக்குப் பஞ்சமில்லை, வந்த ஆளை நிறுத்தி வைக்கும் வழக்கத்துக்குத்தான் பஞ்சம் என்பது விளங்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர் 20,000 சதுர அடி. பெயிண்டும் சாரமும் பெரிய காண்டிராக்டருடையது. கூலிக்கு மட்டும் சதுர அடி 9 ரூபாய் என்று பேசிச் சப் காண்டிராக்டரிடம் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,80,000 ரூபாய். சப் காண்டிராக்டர் எட்டு ஆட்களை ஆளுக்கு 900 ரூபாய் கூலியில் இருபது நாள் வைத்து வேலையை முடித்தால் 1,44,000 ரூபாய் போகும். மீதி 36,000. இதுதான் அவருடைய லாபம், அவருடைய கூலி, அவருடைய போக்குவரத்துச் செலவு எல்லாம்.

இப்போது சொசைட்டிக் கமிட்டிக்காரர்கள் எந்த நிறம் என்று முடிவு செய்யாமல் மூன்று நாள் இழுத்தடிக்கிறார்கள். எட்டுப் பேரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கூலி இல்லை என்று சொன்னால் மறுநாள் காலை நாக்காவில் போய் நின்று வேறு மேஸ்திரியோடு போய்விடுவார்கள். ஆகவே கூலி கொடுத்தாக வேண்டும். 21,600 ரூபாய் போயிற்று. மிச்சம் 14,400. வேலை முடிந்ததும் பெரிய காண்டிராக்டர், "சொசைட்டி என் பணத்தில் பத்து சதவிகிதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, அது வந்ததும் உனக்குத் தருகிறேன்" என்று 18,000 ரூபாயை நிறுத்திக்கொள்கிறார். சப் காண்டிராக்டர் இப்போது 3,600 ரூபாய் கைநஷ்டத்தில் நிற்கிறார். அடுத்த வேலைக்கு இவர் கூப்பிட்டால் வருவாரா? வந்தாலும், பாதியில் வேறு எங்காவது ரொக்கம் கிடைத்தால் போகாமல் இருப்பாரா? அவரை நம்பிக்கைத் துரோகி என்று சொல்வது சுலபம். அவர் போட்ட கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை.

காத்திருந்த நாளுக்குப் பாதிக் கூலியாவது பெரிய காண்டிராக்டர் தருவது என்று முதலிலேயே பேசி, அதையே சொசைட்டியோடு போடும் ஒப்பந்தத்திலும் எழுதிவிட்டால் இந்தத் தகராறில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நிறம் முடிவாகாமல் சாரம் கட்டுவதில்லை என்று கறாராக இருப்பது அதைவிட நல்லது.

பணம் கொடுப்பதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. முன்பணம் கொடுத்தால் ஓடிவிடுவான் என்பது ஒரு கட்சி. முன்பணம் கொடுக்காவிட்டால் வரவே மாட்டான் என்பது இன்னொன்று. இரண்டும் அனுபவத்தில் வந்தவைதான். வாரச் செலவுக்குக் கொடுக்கும் காசை இந்த நகரத்தில் எல்லா மொழிக்காரர்களும் கர்ச்சி என்கிறார்கள். ஒரு வாரக் கர்ச்சிக்கு மேல் முன்பணம் கொடுக்காமல், அதற்குப் பதிலாக ஒரு பக்கச் சுவர் முடிந்தால் அந்தப் பக்கத்துக்குரிய கணக்கைச் சனிக்கிழமையே அளந்து தீர்த்துவிடுகிறவரிடம் ஆள் ஓடுவதில்லை. ஓடினால் நஷ்டம் ஓடுகிறவருக்குத்தான். பெரிய தொகையை முன்னால் கொடுத்து, பிறகு முடித்த வேலைக்குப் பணம் தராமல் இழுப்பது இங்கே பரவலான வழக்கம். அதுதான் இரண்டு பக்கமும் கெட்டது.

அளவு விஷயத்தில் அரசாங்க வேலைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் அளவுப் புத்தகம் என்று ஒன்று உண்டு. அதில் ஏறாத வேலைக்குப் பணம் இல்லை. ஏறிய வேலையை இல்லை என்று சொல்லவும் முடியாது. தனியார் பெயிண்ட் வேலையில் பில் போடும் நாளில்தான் டேப் வெளியே வருகிறது. ஜன்னலைக் கழிக்க வேண்டும் என்று ஒருவர், கழிக்கக் கூடாது என்று மற்றவர். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1200இல் இதற்கு விதி இருக்கிறது. அரைச் சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புகளுக்குக் கழிவு கிடையாது. அந்த விதியையோ வேறொன்றையோ வைத்துக்கொள்ளலாம், ஆனால் எது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். இரண்டு பேரும் சேர்ந்து அளந்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பேச்சு ஒப்பந்தத்தையும் அதன் முதல் பக்கத்தில் எழுதிவிடலாம். எத்தனை கோட், பட்டி பார்ப்பது யார் பொறுப்பு, பிரஷும் ரோலரும் யார் வாங்குவது, தரையில் சொட்டியதைத் துடைப்பது யார், மழை பெய்து கெட்டால் யார் நஷ்டம் என்பதெல்லாம் அதில் வரட்டும். சப் காண்டிராக்டர் இந்திதான் படிப்பார் என்றால் இந்தியிலே எழுத வேண்டும். அவர் படிக்க முடியாத தாளில் வாங்கிய கையெழுத்துக்கு மரியாதை இல்லை.

அந்த முதல் பக்கத்தில் டோக்கனைப் பற்றியும் ஒரு வரி இருக்கட்டும். பெயிண்ட் டப்பாவிலும் பட்டி மூட்டையிலும் கம்பெனிக்காரர்கள் பெயிண்டருக்கென்று டோக்கன் வைத்தார்கள். இப்போது பலர் செல்போனில் ஸ்கேன் செய்யும் கட்டமாக அச்சிடுகிறார்கள். இந்தச் சில்லறைக்காக நடக்கும் மனஸ்தாபம் கொஞ்சமல்ல. டப்பா வாங்கியவன் நான், டோக்கன் எனக்கு என்பார் காண்டிராக்டர். டப்பாவைத் திறந்தவன் நான் என்பார் பெயிண்டர். பிரஷ் பிடிக்கிறவனுக்கே விட்டுவிடுவது நல்லது. விட்டுவிட்டு, காலி டப்பாக்களை மட்டும் எண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும். வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட் அடிக்க லிட்டருக்கு ஏறக்குறைய 50 முதல் 60 சதுர அடி வரும். அப்படியானால் இருபது லிட்டர் டப்பா ஒன்று ஆயிரம், ஆயிரத்து இருநூறு சதுர அடிக்குக் காணும். இரண்டாயிரம் சதுர அடி முடிந்திருக்கிறது, காலி டப்பா ஒன்றுதான் இருக்கிறது என்றால் தண்ணீர் எவ்வளவு கலந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. மிச்சம் பிடித்த பெயிண்ட் எங்கே போயிற்று என்றுதான் கேட்க வேண்டும்.

ஆளைத் தேடுவது எங்கே என்பதில் நம்மவர்களுக்கு ஒரு பழக்கம். சொந்த ஊர்க்காரரா, சாதிசனமா, மச்சானுக்கு மச்சானா என்று பார்ப்பது. திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இந்த ஊரில் காலூன்றினார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் வேலை கொடுப்பதற்கு உறவு ஒரு தகுதியாகாது. உறவுக்காரரிடம் அளவு நோட்டை நீட்டினால் "என்ன மாமா, என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்பார். தப்பாக அடித்த சுவரைத் திரும்ப அடிக்கச் சொன்னால் ஊரில் உள்ள அத்தைக்குப் போன் போகும். அடுத்த கல்யாணத்தில் இரண்டு குடும்பமும் முகம் கொடுத்துப் பேசாது. உறவுக்காரருக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பதில்லை. அவரும் அதே நோட்டில் கையெழுத்துப் போட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆளைப் பற்றி விசாரிக்க நல்ல இடம் பெயிண்ட் கடை. யார் கடன் சொல்லி இழுக்கிறார், யார் சொன்ன தேதியில் தீர்க்கிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். அடுத்தது, அவர் மூன்று வருஷத்துக்கு முன்னால் அடித்த கட்டடம். நேற்று அடித்த சுவர் எல்லாருக்கும் பளபளப்பாகத்தான் இருக்கும். பழைய வேலையில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்புறம், சன்ஷேடின் அடிப்பக்கம், கட்டடத்தின் பின்சுவர் இவற்றைப் பார்க்க வேண்டும். கண்ணில் படாத இடத்தில் இரண்டாவது கோட் அடித்தவர் யாரோ அவரே வேண்டியவர். எல்லாவற்றையும்விட, அவருடைய ஆட்களைச் சனிக்கிழமை மாலையில் கேட்டுப் பார்க்க வேண்டும். தம் ஆளுக்கு ஒழுங்காகக் கொடுக்காதவரின் வேலை என்றைக்காவது ஒரு நாள் பாதியில் நிற்கும். இத்தனைக்கும் பிறகு முதல் வேலையாக ஒரு மாடிப்படியையோ காம்பவுண்டுச் சுவரையோ கொடுத்துப் பார்ப்பது நல்லது.

ஒரே சப் காண்டிராக்டரை மட்டும் நம்பியிருப்பதில் இன்னொரு சங்கடம் பண்டிகை. தமிழ் ஆட்கள் பொங்கலுக்குப் போவார்கள், பங்குனி உத்திரத்துக்குப் போவார்கள், சித்திரையில் கோவில் கொடைக்குப் போவார்கள். உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் ஹோலிக்கும், அதையடுத்துக் கோதுமை அறுப்புக்கும் போவார்கள். பீகாரிகளுக்குத் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சட் பூஜை. வங்காளத்து முஸ்லிம் பெயிண்டர்களுக்கு ஈத். எல்லாமே பெரும்பாலும் வேலை மும்முரமான மாதங்களில்தான் வருகின்றன. வருஷா வருஷம் வரும் பொங்கலைப் பார்த்து, ஆள் ஏமாற்றிவிட்டான் என்று கத்துவதில் அர்த்தமில்லை. இரண்டு ஊர்க்காரர்களை வைத்திருக்கிறவருக்கு ஜனவரியில் ஒரு கூட்டம் போனால் இன்னொரு கூட்டம் இருக்கும். போகும் தேதியையும் திரும்பும் தேதியையும் டிசம்பரிலேயே கேட்டு எழுதிக்கொண்டு, போகும்போது பாக்கியைத் தீர்த்து அனுப்பினால் திரும்பி வருவார்கள். பாக்கியைப் பிடித்து வைத்தால் திரும்பி வருவான் என்று நினைப்பது பழைய தந்திரம். வருகிறவன் அந்தப் பாக்கியை வாங்க மட்டுமே வருவான்.

சாரத்திலிருந்தும் கயிற்றிலிருந்தும் விழுகிற ஆட்களைப் பற்றிப் பேசுவதற்கு இந்தத் தொழிலில் யாருக்கும் விருப்பமில்லை. சப் காண்டிராக்டரின் ஆள்தானே விழுந்தான், எனக்கென்ன என்று பெரியவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தம் தொழிலுக்குரிய வேலையை இன்னொருவரிடம் விட்டவர், அந்த ஆளைத் தாமே வைத்திருந்தால் எவ்வளவு நஷ்டஈடு கொடுக்க வேண்டுமோ அதைக் கொடுக்க வேண்டும், பிறகு காண்டிராக்டரிடம் வசூல் செய்துகொள்ளலாம் என்று 1923ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டம் 12ஆவது பிரிவில் சொன்னது. 2025 நவம்பர் 21இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் போன பிறகும் இந்தப் பொறுப்பு போகவில்லை. சில ஆயிரம் ரூபாய் பெறும் பெல்ட்டைச் சப் காண்டிராக்டர் வாங்கட்டும் என்று தள்ளிவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பெல்ட்டும் ஹெல்மெட்டும் வேலை கொடுப்பவரே வாங்கிச் சைட்டில் வைக்க வேண்டியவை.

இன்னொன்றையும் சேர்த்துச் செய்யலாம். அதற்குக் காசு செலவில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய 18 வயது நிறைந்து 60க்குள் இருக்க வேண்டும். முந்திய பன்னிரண்டு மாதத்தில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். பெயிண்டர்களுக்கும் இது உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, விபத்துக்கு உதவி எல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தவை. தொண்ணூறு நாள் வேலை செய்த ஆளுக்கு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் பல காண்டிராக்டர்கள் பயப்படுகிறார்கள். போட்டுக் கொடுத்தால் பின்னால் ஏதாவது உரிமை கேட்பான் என்ற பயம். கையெழுத்துப் போட மறுக்கிறவருக்கு ஆள் நிற்கவில்லை என்று புலம்பும் உரிமை எங்கிருந்து வந்தது?

இதைப் படிக்கும் குமாஸ்தாக்களில் பலர் தங்கள் சொசைட்டியின் கமிட்டியில் இருப்பார்கள். மூன்று கொட்டேஷன் வாங்கி, மிகக் குறைந்ததை எடுத்து, அதிலும் பத்து சதவிகிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பில்லை இரண்டு மீட்டிங் தள்ளிப் போடுவது சாமர்த்தியம் என்று கமிட்டிகளில் நினைப்பு இருக்கிறது. அந்தத் தாமதம் கமிட்டியிலிருந்து காண்டிராக்டருக்கும், அவரிடமிருந்து சப் காண்டிராக்டருக்கும், கடைசியில் நாலாவது மாடியில் கயிற்றில் தொங்குகிறவனின் கர்ச்சிக்கும் இறங்குகிறது. அவன் இறங்கிப் போனால் கறை படிந்த சுவரோடு நிற்பது அதே சொசைட்டிதான். முடிந்த பகுதிக்கு அளந்த பதினைந்து நாளில் பணம் என்று கமிட்டித் தீர்மானத்திலேயே எழுதுவதற்கு ஒரு வரி போதும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நாலு மாதத்தைப் பற்றியும் காண்டிராக்டர்கள் யோசிக்க வேண்டும். வெளிவேலை நின்றதும் சப் காண்டிராக்டரை மறந்துவிட்டு, அக்டோபரில் போன் போட்டுத் தேடுவதுதான் வழக்கம். அதற்குள் அவர் வேறு இடத்தில் முன்பணம் வாங்கியிருப்பார். மழைக்காலத்தில் உள்வேலை அடியோடு நிற்பதில்லை. காய்வதற்கு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். கணபதிக்கு முன்னால் வீட்டுக்குள் பெயிண்ட் அடிக்கிறவர்கள் உண்டு, தீபாவளிக்கு முன்னால் இன்னும் அதிகம். இரண்டு அறை வேலையானாலும் அதை வருஷம் முழுவதும் தம்மோடு இருந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டு, பிடித்து வைத்த 18,000 ரூபாயையும் ஆகஸ்டுக்குள் தீர்த்துவிடுகிறவர், தசராவுக்கு மறுநாள் ஆளைத் தேடி நாக்காவுக்குப் போக வேண்டியிருக்காது.