பணம் வாங்கியவரே பொறுப்பு

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘பிரதமரின் சூர்ய கர்’ திட்டம், ஒரு கோடி வீடுகளின் மொட்டைமாடிகளில் சோலார் அமைக்க இலக்கு வைத்திருக்கிறது. 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. மீதித் தொகைக்குப் பலரும் வங்கிக் கடனையே நம்புகிறார்கள். சோலார் பழுதாகி நின்றால் அந்தக் குடும்பம் கடன் தவணையையும் மின்கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும். பழுதான சோலாருக்குப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை நடைமுறையில் எந்த அளவுக்குச் செல்லுபடியாகிறது என்பதை இப்போதே பேசியாக வேண்டும்.

நல்ல வெயில் நாளில் 3 கிலோவாட் அமைப்பு சுமார் 12 யூனிட் தர வேண்டும். உச்சிவெயிலில் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவியவரைக் கேட்டால், “இ.பி. லைன்ல வோல்டேஜ் அதிகம்” என்பார். அது உண்மையாக இருக்கலாம். வோல்டேஜ் வரம்பை மீறினால் இன்வெர்ட்டர் தானாகவே துண்டித்துக்கொள்ளும். ஆனால், இன்வெர்ட்டரிலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிள் தேவையைவிட மெலிதாக இருந்தாலும் இதே கோளாறு வரும். முன்னது மின்வாரியத்தின் பொறுப்பு, பின்னது நிறுவியவரின் தவறு. இன்வெர்ட்டர் கம்பெனியோ, வேலை சரியில்லை என்று வாரண்டியை மறுக்கும். வீட்டுக்காரர் மூன்று வாசல்களிலும் மாறி மாறி நிற்க வேண்டியதுதான்.

சட்டம் பலவீனமானதல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாட்களுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. மூன்று மாதங்களில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதங்களில், முடிவு சொல்ல முயல வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

சிக்கல் நிரூபிப்பதில் இருக்கிறது. பொருளின் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதே சட்டம் சொல்லும் வழி. மாடியில் பொருத்திய சோலாருக்கு அது போதாது. கழற்றி அனுப்பிய பேனல் ஆய்வகத்தில் தேறிவிடும். நிழல் விழும் இடத்தில் பொருத்தியதும், தளர்ந்த இணைப்பும், மெலிந்த கேபிளும் மாடியிலேயே தங்கிவிடும். பேனலைத் துடைக்காமல் விட்டாலும் உற்பத்தி குறையும் என்ற நிறுவனங்களின் வாதமும் நியாயமானதே. எனவே, பொறியாளர் ஒருவர் நேரில் வந்து அளந்து தரும் அறிக்கையே இரு தரப்புக்கும் நீதி செய்யும். இத்தகைய வழக்குகளில் அதையே ஆணையங்கள் வழக்கமாக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை மூன்று. முதலாவதாக, பில் போட்டுப் பணம் வாங்கிய நிறுவனமே முழு அமைப்புக்கும் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பேனல், இன்வெர்ட்டர் கம்பெனிகளிடம் ஈடு பெறுவது அந்த நிறுவனத்தின் வேலை; வீட்டுக்காரர் அலையக் கூடாது. இரண்டாவதாக, ஆண்டுக்குக் குறைந்தபட்சம் எத்தனை யூனிட் என்பதை ஒப்பந்தத்திலேயே குறிக்க வேண்டும். மூன்றாவதாக, கெடுவுக்குள் சரிசெய்யாமலும் பணத்தைத் தராமலும் இழுத்தடிக்கும் நிறுவனங்களைத் திட்டப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.

சோலார் போட்டவர்கள் பில், ஒப்பந்தம், பேனல்களின் வரிசை எண்கள், தினசரி உற்பத்திக் கணக்கு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். புகாரைத் தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்தில் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்யுங்கள். “அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்” என்ற பதிலை நம்பிக் காலத்தைக் கடத்திவிடாதீர்கள். வழக்குத் தொடரச் சட்டம் தரும் அவகாசம் இரண்டே ஆண்டுகள்.