நீர் நிறைந்தது, சாரஸ் பறந்தது

ஏறக்குறைய ஆறடி உயரம், சாம்பல் நிற உடல், சிவந்த தலை. பறக்கக்கூடிய பறவைகளில் சாரஸ் கொக்கைவிட நெட்டையானது உலகில் இல்லை. புல்வெளி, சதுப்பு, வயல் மூன்றும் அதற்கு வீடுதான். ஆனால் ‘சாரஸைக் காப்போம்’ என்று பொத்தாம்பொதுவாகத் திட்டம் தீட்டுவது வீண்வேலை. எந்த ஊர் சாரஸை?

வட இந்தியப் பறவைக்குச் செந்தலையின் கீழே வெள்ளைப் பட்டை உண்டு. கம்போடியா, வியட்நாம், மியான்மரில் வாழும் கிழக்கு வகைப் பறவைக்கு அது கிடையாது. ஆஸ்திரேலியாவில் 1966 வரை சாரஸ் இருப்பதே யாருக்கும் தெரியாது. அங்குள்ள புரோல்கா கொக்கோடு அது அவ்வளவு ஒத்திருக்கும். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கும் தனி வகை இருந்தது. 1960களுக்குப் பிறகு அதைக் கண்டவர் இல்லை.

உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் இருந்தன. பெருமைப்படலாம். ஆனால் உலகக் கணக்கோடு இதைக் கூட்டிவிட்டால், தென்கிழக்கு ஆசியாவின் வெறுமை கண்ணில் படாது.

வியட்நாமின் திராம் சிம் பூங்காவில் நடந்தது அந்த வெறுமைக்குச் சாட்சி. போருக்குப் பின் வறண்டுகிடந்த அந்தச் சதுப்பு நிலத்தில் கரைகட்டி நீர் தேக்கினார்கள். 1980களில் சாரஸ் திரும்பியது, ஒரு பருவத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. பிறகு தீ பற்றிய அச்சம் மேலோங்கியது. 2002இல் மீகாங் கழிமுகத்தில் உ மின் காடுகள் எரிந்ததை யாரும் மறக்கவில்லை. அதனால் திராம் சிம்மில் ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிரப்பியே வைத்தார்கள். கோடையில் நிலம் காய்ந்தால்தான் ஒருவகைக் கோரையின் கிழங்கு திரளும். கொக்கு மண்ணைக் கிளறி உண்பது அதைத்தான். தண்ணீர் தளும்பியது, கிழங்கு அழிந்தது. சில ஆண்டுகளில் ஒரு பறவைகூட வந்திறங்கவில்லை.

இப்போது தாய்லாந்திலிருந்து குஞ்சுகளைத் தருவித்து, பத்தாண்டுகளில் 100 பறவைகளை வளர்த்துவிட முயல்கிறார்கள். தாய்லாந்திலும் சாரஸ் இயற்கையில் அற்றுப்போய், கூண்டில் வளர்த்த பறவைகளைப் புரிராம் வயல்வெளிகளில் விட்டுத்தான் மீட்டார்கள். நல்ல முயற்சிதான், அதே கிழக்கு வகைப் பறவைகளைத் தேர்ந்ததும் சரி. ஆனால் மதகைத் திறக்கும் காலம் மாறாவிட்டால் வந்தவை எதைத் தின்னும்?

இந்தியாவின் பாடு வேறு. உத்தரப் பிரதேசத்தின் எட்டாவாவிலும் மெயின்புரியிலும் சாரஸ் பெரும்பாலும் காப்பகத்துக்கு வெளியே, நெல்வயல் நடுவில் கூடு கட்டுகிறது. கூட்டுக்குச் சிறிது நெல் பாழாவதை விவசாயி பொறுத்துக்கொள்வதால்தான் அது பிழைக்கிறது. வேலிபோட்ட சரணாலயத்தைக் காட்டிலும் அந்தப் பொறுமையும், வயலோரக் குட்டை தூர்ந்துபோகாமல் இருப்பதும் முக்கியம். குட்டையைப் பட்டா போட்டு விற்றுவிட்டு, மாநிலப் பறவை என்று சிலை வைப்பதில் என்ன பயன்? கூடு கட்டிய வயலுக்கு இழப்பீட்டை அறுவடைக்கு முன்பே கொடுப்பதுதான் அரசு முதலில் செய்யவேண்டியது.