அக்கா வீட்டுக் கடல்

சிங்கப்பூரில் தோ பாயோ வட்டாரத்தில் என் பெரியம்மா பெண் குடியிருக்கிறாள். சமீபத்தில் அங்கே போயிருந்தபோது, பத்தாவது மாடியில் உள்ள அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு கடலைக் கண்டேன். 200 லிட்டர் கடல்தான். கண்ணாடித் தொட்டிக்குள் பாறை. பாறைமேல் பச்சையும் ஊதாவுமாக உயிருள்ள பவளங்கள். நடுவே இரண்டு கோமாளி மீன்கள்.

"எத்தனை அழகு, அக்கா!" என்றேன்.

"அழகுக்கென்ன! என்னை அழவைத்த தொட்டியடி இது" என்றாள்.

தொட்டி அவள் பிள்ளையுடையது. அந்நாட்டுச் சட்டப்படி அவன் இரண்டு வருஷ தேசிய சேவைக்குப் போக வேண்டியிருந்தது. முதற் பயிற்சி தெக்கோங் தீவில். ஆரம்பத்தில் வீட்டுக்கு வர அனுமதி கிடையாது. புறப்படும்போது அம்மாவிடம் இரண்டே வேலைகளைச் சொல்லிவிட்டுப் போனான். மீனுக்குத் தீனி போட வேண்டும். குறைகிற தண்ணீரை நிரப்ப வேண்டும்.

"உப்புத் தண்ணீர்தானே விட வேண்டும்?" என்று நான் குறுக்கிட்டேன்.

"ரசம் சுண்டிப் போனால் உப்பையா அள்ளிப் போடுவாய்?"

வாயை மூடிக்கொண்டேன். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுந்தானே; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகையால் தினம் மூன்று லிட்டர் நல்ல தண்ணீர் விட்டால் போதும், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் என்ற கடலின் கணக்கு மாறாது. குழாய்த் தண்ணீரை அப்படியே விடக் கூடாது. அங்கே அதில் கிருமி நாசத்துக்காகக் குளோரமின் கலக்கிறார்கள். வடிகட்டும் இயந்திரத்தில் இறக்கிய தண்ணீர்தான் உதவும்.

இதையெல்லாம் அக்கா பிசகாமல் செய்தாள். அப்படியும் இரண்டு வாரம் கழித்துப் பவளங்கள் முகம் வாடின. மலர்ந்து ஆடவேண்டிய சிறு கைகள் உள்ளே இழுத்துக் கொண்டன. பதறிப்போய்ப் பையனின் சோதனைப் பெட்டியைத் திறந்தாள். கொஞ்சம் தொட்டித் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நீலம் மஞ்சளாவதற்குள் எத்தனை சொட்டு விழுகிறதோ, அத்தனை டிகிரி காரத்தன்மை. ஆறு சொட்டில் மஞ்சளாகிவிட்டது. பையனின் நோட்டில் இருந்ததோ 9.

பவளப் பூச்சி தன் எலும்பைக் கட்டிக்கொள்ளத் தண்ணீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தையும் இந்தக் காரத்தையும் தினமும் எடுத்துக் கொள்கிறது. கடல் பெரிது, குறைவது தெரியாது. 200 லிட்டரில் தெரிகிறது. அதற்காகப் பையன் தினம் இரவு படுக்கப் போகுமுன் கால் ஸ்பூன் சோடா மாவைக் கரைத்து விட்டுக்கொண்டிருந்தான். கை பழகிப் போன வேலை, சொல்ல மறந்துவிட்டான். நாம் மட்டும் சாம்பாருக்கு எத்தனை கல் உப்பு என்று எழுதி வைத்துவிட்டா ஊருக்குப் போகிறோம்?

அந்த மாவு வேறொன்றுமில்லை, நம் ஆப்பச் சோடாவேதான். அக்கா கணக்குப் போட்டாள். மூன்று டிகிரி ஏற நாலு ஸ்பூன். அன்றிரவே நாலையும் கரைத்து ஊற்றினாள். மறுபடி சோதித்தால் சரியாக ஒன்பது! நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் மான்கொம்புப் பவளத்தின் தோல் அடியிலிருந்து உரியத் தொடங்கியது. வாரக் கடைசியில் முக்கால்வாசி வெள்ளை எலும்பு.

வேடிக்கை என்னவென்றால், ஆறும் அப்படியொன்றும் மோசமில்லை. உண்மையான கடலிலேயே ஏழுதான். ஏழிலிருந்து பதினொன்று வரை எதை வைத்தும் நன்றாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆறிலிருந்து ஒன்பதுக்கு ஒரே ராத்திரியில் தாவியதைத்தான் பவளம் தாங்கவில்லை. நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. நாலு நாள் பொறுத்திருந்தால் போதும். ஆனால், பிள்ளை நம்பி விட்டுப் போன பொருள் கண்ணெதிரே வாடும்போது எந்தத் தாய்க்கு நாலு நாள் பொறுக்கும்?

"பையனிடம் சொன்னாயா?"

"போனில் முதல் கேள்வியே 'தண்ணீர் எப்படிம்மா?' என்பதுதான். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள் கேட்டுவிடுவான். ஒரு வாரம் நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னேன்."

லீவில் வந்தவன் தொட்டிமுன் வெகுநேரம் நின்றானாம். பிறகு, "ராத்திரி ஸ்பூனை நான் சொல்லவே இல்லையேம்மா" என்றானாம். உயிர் ஒட்டியிருந்த ஒரே நுனியை ஒடித்துப் பாறையில் பசை வைத்து ஒட்டினான். அம்மாவுக்குச் சுலபமான வேறு வழியும் காட்டினான். பீட்டர் வில்கன்ஸ் என்பவர் 1970-களில் ஐரோப்பாவில் பரப்பிய முறை அது. நிரப்புகிற தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை நீற்றுச் சுண்ணாம்பைக் கலந்து, தெளிந்த நீரை இரவு முழுவதும் சொட்ட விடுவது. சுண்ணாம்புச் சத்து, காரம் இரண்டும் சேர்ந்தே கிடைக்கும். இரவில் விளக்கணைந்ததும் தண்ணீரில் கரியமில வாயு கூடிப் புளிப்பேறும். அதற்கும் அது மாற்று. வெற்றிலைச் சுண்ணாம்பு உதவாது. சுத்தமான தூள் வேண்டும். வேகமாக ஊற்றினால் இதுவும் கொல்லும்.

படித்துவிட்டுச் சென்னைச் சகோதரிகள் பவளத்துக்குக் கடை தேட வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், பாறை கட்டும் பவளங்களை 2001-லேயே சேர்த்துவிட்டார்கள். கோமாளி மீன் வளர்க்கலாம்; அதற்கும் இந்த ரசக் கணக்கு பொருந்தும்.

ஒட்டிய நுனி இப்போது என் சுண்டுவிரல் நீளம் இருக்கிறது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அக்கா எழுதியிருந்ததைப் புரட்டினேன். 8, 8, 8, 8 என்று பக்கம் பக்கமாக அதே எண்தான். பார்த்துக் கொண்டிருக்கும்போதே போன் மணி அடித்தது.

"எட்டு" என்றாள் அக்கா, ஹலோ கூடச் சொல்லாமல்.